முதல் எலக்ட்ரிக் கிற்றார்: இருக்கிற காசை எதில் போடுவது?

"எந்தக் கம்பனி கிற்றார் நல்லது?" என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது, எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்பது. வீட்டு அறையில் தனியாகவா, சேர்ச்சில் பாடகர் குழுவோடா, ட்ரம்ஸ் வைத்திருக்கிற கூட்டாளிமாரோடா? மூன்றுக்கும் ஒரே கிற்றார் போதும். அந்தக் கிற்றாரின் சத்தம் எதன் வழியாக வெளியே வருகிறது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும், காசு வீணாவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இணையத்தில் கிடைக்கிற ஆலோசனைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்களை நினைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே பிடிக்காத சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், செற்றப் (கழுத்தையும் கம்பிகளையும் வாசிக்க ஏற்றபடி சரிப்படுத்துவது) செய்து தரவும் ஆள் இருப்பார். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருக்கிற ஒருவர் கொழும்புக்குப் போய் வாங்கி பஸ்ஸிலோ ரெயிலிலோ கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பார்சலில் எடுக்க வேண்டும். சின்னக் கோளாறு ஒன்றுக்காகத் திரும்பக் கொழும்பு போவது நடக்கிற காரியமில்லை. அதனால் நான் எதையும் ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறேன்: வீட்டில் இருக்கிற ஒரு ஸ்குரூ ட்ரைவராலும் அலன் கீயாலும் (ஆறு பக்கமுள்ள வளைந்த சாவி) நாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய, சுருதி கலையாமல் நிற்கிற கிற்றாராக இருக்க வேண்டும். பெரும்பங்கு காசு அதற்கு. கையில் 100 ரூபாய் இருக்கிறது என்று வைத்தால் 60 கிற்றாருக்கு, 25 அம்ப்புக்கு (கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஸ்பீக்கர் பெட்டி), 15 கேபிள், பட்டி, உறை, இரண்டு செற் கம்பிக்கு. சுருதி பார்க்கிற ரியூனருக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை, கைபேசியில் இலவசச் செயலிகள் இருக்கின்றன.

"முதலில் சாதாரண கிற்றார் பழகு, பிறகு எலக்ட்ரிக் வாங்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எலக்ட்ரிக்கில் வாசிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு அப்படி ஒரு படி அவசியமில்லை. எலக்ட்ரிக்கில் மிக மெல்லிய முதற்கம்பியின் தடிப்பு வழக்கமாக அங்குலத்தின் ஆயிரத்தில் 9 அல்லது 10 பங்கு, எக்கோஸ்டிக் என்கிற சாதாரண கிற்றாரில் 11 அல்லது 12. மெல்லிய கம்பி விரலை அவ்வளவு அறுக்காது, முதல் மாதத்தில் பிள்ளை அழுது விடுகிற ஆபத்தும் குறைவு.

பெட்டியோடு வருகிற செற்

கிற்றார், 10 வாட் அம்ப், கேபிள், உறை, பட்டி, பிக் எல்லாம் ஒரே பெட்டியில். பிறந்தநாளுக்கு வாங்குகிற அப்பா அம்மாவுக்கு இதைவிட வசதி இல்லை. ஸ்குவயர், எபிஃபோன், ஐபனீஸ், யமஹா போன்ற தெரிந்த பெயர்களிலும் செற் வருகிறது, கேள்விப்படாத பெயர்களிலும் வருகிறது. தெரிந்த கம்பனியின் செற்றில் கிற்றார் நம்பத்தக்கது, அம்ப்தான் ஒப்புக்குப் போட்டது. கேள்விப்படாத பெயரில் வருவதில் சிக்கல் கிற்றாரிலேயே இருக்கிறது. கம்பி முறுக்குகிற சாவி தளர்ந்திருக்கும். ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) ஓரங்கள் விரலைக் கீறும். நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்குகிற சின்னக் கட்டை) கம்பி இருக்கிற வெட்டுகள் ஆழமில்லாமல் இருக்கும். இந்தக் கடைசிக் குறையைப் பழகுகிற பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. முதல் ஃபிரெட்டில் கம்பியை அழுத்த அளவுக்கு மீறிய பலம் தேவைப்படும், எஃப் கோட் (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற ஒரு பிடி) பிடித்தால் சுருதி ஏறிப் பொய்க்கும். பிள்ளை தன் கையில்தான் குறை என்று நினைத்துக் கிற்றாரைச் சுவரில் மாட்டிவிடும். இப்படிக் கைவிடப்பட்ட கிற்றார்கள் நம் ஊர் வீடுகளில் நிறைய இருக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

செற்தான் வாங்குவது என்றால் தெரிந்த பெயரில் வாங்குங்கள். அந்தக் காசு போதாவிட்டால் புதுச் செற்றை விட்டுவிட்டு, பாவித்த நல்ல கிற்றார் ஒன்றைத் தேடுங்கள்.

எந்த வடிவம்?

கடைகளில் தொங்குகிற எலக்ட்ரிக் கிற்றார்களில் பெரும்பாலானவை மூன்று வடிவங்களிலிருந்து வந்தவை: ஃபெண்டரின் டெலிகாஸ்டர் (டெலி), கிப்சன் 1952இல் கொண்டுவந்த லெஸ் போல், ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்). இவற்றின் மலிவு வடிவங்களை ஃபெண்டர் ஸ்குவயர் என்ற பெயரிலும் கிப்சன் எபிஃபோன் என்ற பெயரிலும் விற்கின்றன.

ஸ்ட்ராட் பார்க்க அழகு, உடம்போடு ஒட்டி உட்காரும். அதன் பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைத் தாங்குகிற பகுதி) ஸ்பிரிங்கில் நிற்கிறது, அதில் செருகியிருக்கிற தடியை அசைத்தால் சுருதி ஏறி இறங்கும். விலை குறைந்த ஸ்ட்ராட்டுகளில் அசைத்த பிறகு சுருதி பழைய இடத்துக்கு வராமல் போவதுண்டு. பிரிட்ஜ் மிதக்கும்படி வைத்திருந்தால் ஒரு கம்பி அறுந்ததும் மற்ற ஐந்தும் சுருதி மாறிவிடும். இதற்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கிற கொளுவியும் அதை மரத்தோடு பிணைக்கிற இரண்டு நீள ஸ்குரூவும் தெரியும். அந்த இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி இறுக்கி, பிரிட்ஜ் மரத்தில் தட்டையாகப் படுக்கும்வரை கொண்டுவந்துவிட வேண்டும். மூன்று ஸ்பிரிங்தான் இருந்தால் இன்னும் இரண்டு வாங்கிப் போடலாம், ஐந்துக்கு இடம் இருக்கும். தடியை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பழகும் காலம் முழுக்க அது தேவைப்படாது.

டெலியில் இந்த வேலையே இல்லை. பிரிட்ஜ் அசையாது. இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள்), ஒரு வோல்யூம், ஒரு டோன், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பழுதாவதற்கு அதில் இருப்பதே கொஞ்சம். சேர்ச் பாட்டு, சினிமாப் பாட்டு, ஆறுக்கு எட்டில் வெட்டி வெட்டி அடிக்கிற பைலா எல்லாவற்றுக்கும் அதன் தெளிந்த சத்தம் பொருந்தும். நம் ஊரில் முதல் கிற்றாருக்கு என் தெரிவு இதுதான். ஸ்குவயரின் சொனிக், அஃபினிற்றி இரண்டு வரிசையிலும் டெலி இருக்கிறது. காசு இடம் கொடுத்தால் அஃபினிற்றி, இல்லாவிட்டால் சொனிக் போதும்.

லெஸ் போல் வகையில் இருப்பது ஹம்பக்கர் என்ற பிக்கப். ஒரே சுருளுள்ள சிங்கிள் கொயில் பிக்கப் கரண்டின் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும், ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக நின்று அந்த இரைச்சலை அடக்கிவிடும். டிஸ்டோர்ஷன் (சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்டு ரொக், மெட்டல் வாசிக்க ஆசையுள்ளவர்களுக்கு இது வேண்டும். கம்பியின் நீளமும் சற்றுக் குறைவு. ஃபெண்டர் வகையில் 648 மில்லிமீற்றர், இதில் 628 அளவு. அதே கம்பி இதில் விரலுக்கு மென்மையாக இருக்கும். பாரம் கூட, தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, விழுந்தால் நட்டுக்குப் பின்னால் முறிகிற கிற்றார் இது. மெல்லிய உறையில் போட்டு நெரிசலான பஸ்ஸில் கொண்டுதிரியப் போகிற பிள்ளைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

என்ன வாசிக்கப் போகிறோம் என்றே இன்னும் தெரியாதவர்களுக்கு யமஹா பசிஃபிக்கா இருக்கிறது. அதன் 012, 112 என்ற இரண்டு வகையிலும் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் கொயில். இரண்டு உலகமும் ஒரே கிற்றாரில். ஸ்ட்ராட்டுக்குச் சொன்ன ஸ்பிரிங் வேலையை இதிலும் செய்துகொள்ளுங்கள். கம்பியைப் பூட்டிவைக்கிற ஃபுளொய்ட் ரோஸ் பிரிட்ஜ் உள்ள கிற்றார் எவ்வளவு மலிவாக வந்தாலும் முதல் கிற்றாராக வேண்டாம். கம்பி மாற்றுவதே ஒரு மாலை வேலையாகிவிடும்.

பாவித்த கிற்றாரைக் கையில் எடுத்தால்

இதே காசுக்கு ஒரு படி மேலான கிற்றார் கிடைக்கிற வழி இது. ஆனால் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பக்கூடாது. விற்கிறவர் கொழும்பில் இருந்தால் அங்கே இருக்கிற மச்சானையோ நண்பனையோ அனுப்பியாவது பார்க்கச் சொல்லுங்கள். என்ன பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லி அனுப்பலாம்.

முதலில் கழுத்து. தடித்த கம்பியை இடது கையால் முதல் ஃபிரெட்டிலும், வலது கையால் கழுத்து உடம்போடு சேருகிற இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்கவேண்டும். இப்போது அந்தக் கம்பி ஒரு நேர்க்கோடு. ஏழாவது எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் ஒரு கடதாசி நுழைகிற இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லாவிட்டால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. ஒரு நாணயம் நுழைகிற அளவு இருந்தால் முன்னால் வளைந்திருக்கிறது. இரண்டையும் கழுத்துக்குள் ஓடுகிற ட்ரஸ் றொட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் அது திரும்ப வேண்டும். விற்கிறவரையே அலன் கீ போட்டுக் கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இறுகிப்போய் அசையாவிட்டால் விலையைப் பேசவே வேண்டாம், வந்துவிடுங்கள்.

அடுத்தது ஃபிரெட். முதல் மூன்று ஃபிரெட்டில் கம்பிக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேசான தடம் பரவாயில்லை. ஆழமான பள்ளம் என்றால் ஃபிரெட் மாற்றுகிற செலவு மலிவுக் கிற்றாரின் விலையையே தொட்டுவிடும். பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் தட்டி, எங்காவது சத்தம் செத்துப்போகிறதா என்று கேளுங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டுத் தட்டி ஒரு ஹார்மோனிக் (மணி மாதிரி ஒலிக்கிற சுரம்), அதே இடத்தில் அழுத்தி ஒரு சுரம், இரண்டையும் ரியூனரில் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரிட்ஜில் இருக்கிற சின்ன ஸ்குரூக்களால் சரிசெய்யலாம். அந்த ஸ்குரூக்கள் துருப்பிடித்து உறைந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. கடற்கரையோரம் பாவித்த கிற்றார்களில் இது அடிக்கடி காணக்கூடியது. லெஸ் போல் வகை என்றால் தலைப்பகுதியின் பின்புறத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும்.

அம்ப்பில் செருகி வோல்யூமைத் திருப்பும்போது கரகரவென்று கேட்கிறதா? கேபிளை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா? பயப்படவேண்டாம். முதலாவது கொன்ராக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும், இரண்டாவதை ரேடியோ திருத்துகிறவரே ஜாக்கை மாற்றி ஈயம் வைத்துத் தருவார். இந்த இரண்டும் விலை குறைக்கக் கேட்பதற்கான காரணங்கள். கழுத்தும் ஃபிரெட்டும்தான் வாங்காமல் விடுவதற்கான காரணங்கள்.

அம்ப்: அறைக்கு ஒன்று, சேர்ச்சுக்கு ஒன்று

வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு 10, 12 வாட்டுக்கு மேல் எதற்கும் காசு கொடுக்கவேண்டியதில்லை. 10 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனாலும் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்குதான். சன்னல்களைத் திறந்துவைத்து வாழ்கிற நம் வீடுகளில் 10 வாட் அம்ப்பைப் பாதிக்குத் திருப்பினாலே ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ஃபெண்டர் ஃபிரன்ட்மன் 10ஜி, ஒரேஞ்ச் குரஷ் 12, மார்ஷல் எம்ஜி10 மூன்றும் இந்த அளவுக்காரர்கள். ஃபிரன்ட்மன் தெளிந்த சத்தத்துக்கு, ஒரேஞ்ச் கரடுமுரடான ரொக் சத்தத்துக்கு. எதை எடுத்தாலும் ஹெட்ஃபோன் செருகுகிற ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற மாதங்களில் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

காசு இன்னும் இறுக்கம் என்றால் அம்ப்பே வாங்காமல் தொடங்கலாம் என்பது என் கருத்து. வொக்ஸ் அம்பிளக் என்பது கிற்றாரின் ஜாக்கிலேயே செருகுகிற சின்னக் கட்டை, இரண்டு டிரிபிள் ஏ பட்டரியில் ஓடும், ஹெட்ஃபோனில் கேட்கலாம். ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ அதைவிட விலை கூட. சார்ஜ் பண்ணலாம், புளூடூத்தில் பாட்டைப் போட்டுக் கூடவே வாசிக்கலாம். மிச்சமாகும் காசில் கிற்றார் ஒரு படி ஏறும். இதில் இழப்பதும் உண்டு. ஸ்பீக்கரில் காற்று அசைந்து வருகிற சத்தம் கையைத் திருத்துகிற மாதிரி ஹெட்ஃபோன் திருத்தாது, வீட்டில் யாரும் உங்கள் வாசிப்பைக் கேட்கவும் மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் பொஸ் கட்டானா மினி இருக்கிறது: 7 வாட், நாலு அங்குல ஸ்பீக்கர், ஆறு டபிள் ஏ பட்டரி. கரண்ட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

சேர்ச்சில் வாசிப்பவர்களின் கதை வேறு. அங்கே ஏற்கனவே மிக்சரும் பெரிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. பிள்ளைகள் கிற்றார் கேபிளை நேரே மிக்சரில் செருகிவிடுகிறார்கள், சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாக இருக்கிறது, கிற்றார்தான் மோசம் என்று முடிவெடுக்கிறார்கள். காரணம் மின்சாரத்தில் இருக்கிறது. கிற்றார் பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவு மின்தடையுள்ள இன்புட் வேண்டும். மிக்சரின் சாதாரண லைன் இன்புட் அதைவிடப் பல மடங்கு குறைவு, மேற்சுரங்களை அது தின்றுவிடும். டிஸ்டோர்ஷன் பெடலை (காலால் இயக்குகிற சின்னப் பெட்டி) நேரே மிக்சருக்குக் கொடுத்தால் இன்னொரு பிரச்சினை: தகரத்தை உரசுகிற சத்தம். கிற்றார் அம்ப்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் அதிகம் வெளியே விடாது, அந்த வடிகட்டல்தான் டிஸ்டோர்ஷனை இனிமையாக்குகிறது. சேர்ச்சின் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிடும்.

இந்த இரண்டு சிக்கலையும் பல ஒலி மாற்றங்களை ஒரே பெட்டியில் தருகிற ஒரு மல்ட்டி எஃபெக்ட்ஸ் தீர்த்துவிடுகிறது. சூம் ஜி1 ஃபோர் மாதிரி ஒன்றை எடுத்தால் கிற்றாருக்கு ஏற்ற இன்புட், அம்ப்பையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் போலச் செய்கிற ஒலி, ரியூனர், தாளம், வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கிற லூப்பர் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நாலு டபிள் ஏ பட்டரியிலும் ஓடும். வீட்டில் ஹெட்ஃபோன், ஞாயிற்றுக்கிழமை நேரே மிக்சர். சேர்ச் பாடகர் குழுவில் இருக்கிற ஒரு பிள்ளை கிற்றாரும் இதுவும் வாங்கினால் போதும், அம்ப்புக்கு ஒரு சதமும் தேவையில்லை. இந்த ஒப்பீட்டில் எனக்குச் சந்தேகமே இல்லாத முடிவு இது ஒன்றுதான்.

ட்ரம்ஸோடு வாசிக்க 12 அங்குல ஸ்பீக்கரும் 40, 50 வாட்டும் வேண்டும், பொஸ் கட்டானா 50 மாதிரி. முதல் வருடத்தில் அது வேண்டாம், குழு ஒன்று சேர்ந்த பிறகு பார்க்கலாம். கணினியும், கிற்றாரை அதில் இணைக்கிற ஓடியோ இன்டர்ஃபேஸும் ஏற்கனவே வீட்டில் இருந்தால் இலவச மென்பொருளிலேயே நல்ல அம்ப் சத்தம் எடுக்கலாம். அன்ட்ரொயிட் கைபேசியில் மட்டும் வேண்டாம். தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையில் வருகிற தாமதம் தாளத்தைக் கெடுத்துவிடும்.

கனடாவிலிருந்து மாமா கொண்டுவருவதாக இருந்தால்

கிற்றாரைக் கேளுங்கள், அம்ப்பைக் கேட்காதீர்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. அங்கே வாங்கிய அம்ப்பை இங்கே நேரே செருகினால் உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்போர்மர் எரிந்துவிடும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போர்மர் வாங்கிப் பாவிக்கலாம், ஆனால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போகும். லண்டன், சுவிஸ், ஜேர்மனி என்றால் இதே 230தான், பிளக் மட்டும் மாறலாம். பெடல், மல்ட்டி எஃபெக்ட்ஸ் போன்றவை தனி அடப்டரில் ஓடுபவை. அடப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று இருந்தால் எந்த நாட்டிலிருந்தும் கொண்டுவரலாம். 120 என்று மட்டும் இருந்தால் இங்கே வேறு அடப்டர் வாங்க வேண்டும்.

டெலி, ஸ்ட்ராட் வகைகளில் கழுத்து நாலு ஸ்குரூவில்தான் நிற்கிறது. கம்பியைத் தளர்த்தி நாலையும் கழற்றினால் கழுத்தும் உடம்பும் வேறு வேறாகப் பெரிய சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவரலாம். இங்கே வந்து பூட்டிக் கம்பி ஏற்றினால் சரி.

கரண்டைப் பற்றி இன்னொன்று. அம்ப்பின் மூன்றாவது பின், எர்த், உங்கள் உயிருக்காக இருக்கிறது. இரைச்சல் குறைகிறது என்று யாராவது அதை வெட்டச் சொன்னால் கேட்கவேண்டாம். ஜெனரேற்றரில் ஓடுகிற திருவிழா மேடையில் கை கம்பியிலும் உதடு மைக்கிலும் ஒரே நேரத்தில் படுகிறபோது எர்த் சரியில்லாவிட்டால் ஷொக் அடிக்கும். அது விளையாட்டில்லை.

உப்புக் காற்று

கல்லடி, நாவலடி, காரைதீவு, அக்கரைப்பற்று என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். கம்பி இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைப்பது பாதி வைத்தியம். கிற்றாரைச் சுவரில் தொங்கவிடாமல் உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், மாரி காலத்தில் அது இன்னும் அவசியம். மேலே பூச்சுப் போட்ட கம்பிகள் விலை கூட, ஆனால் இங்கே நீண்ட நாள் நிற்பதால் கணக்குச் சரியாக வரும். கொழும்பு போகிறவரிடம் சொல்லியனுப்பும்போது 9-42 (மெல்லிய கம்பி 9, தடித்த கம்பி 42) ஒரு செற்றோடு தனி முதற்கம்பி இரண்டு மூன்றும் வாங்கச் சொல்லுங்கள். அதிகம் அறுவது அதுதான்.

பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது: "மகன் ஆறு மாதத்தில விட்டுட்டான் எண்டா இவ்வளவு காசும் போச்சா?" கேட்கவேண்டிய கேள்விதான், விடை நீங்கள் எதை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. பெயர் தெரியாத செற்றைத் திரும்ப விற்கப் போனால் கேட்பார் இருக்கமாட்டார்கள். பசிஃபிக்காவையோ ஸ்குவயர் டெலியையோ விற்க வந்தால் கேட்டு வாங்க ஆள் இருக்கும், பாவித்ததாகவே வாங்கியிருந்தால் நட்டம் இன்னும் குறைவு. ரசீதையும் உடன் வந்த அலன் கீயையும் பத்திரமாக வைத்திருங்கள், கழற்றி வைத்த அந்தத் தடியையும் சேர்த்து. வாங்குகிறவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.